கயிற்றின் மறுமுனையில் ஒரு முயல்

ஒரு காட்டில் ஒரு பாறை இருந்தது. வெறும் பாறை என்று நினைத்துவிடாதீர்கள். சங்கம் வைத்த பாறை. எட்டு யானை உயரம், செங்குத்தாக நிற்கும். யானைக்கு ஒன்றாக எட்டு இரும்பு வளையங்கள் அதில் அடித்திருந்தார்கள். அடிவாரத்தில் ஒரு மேசை, மேசை மேல் படிவங்கள், மேசைக்கு முன்னால் ஒரு வரிசை. ஆக, நாகரிகத்துக்குக் குறைவில்லாத காடு.

விளையாட்டு இதுதான். ஏறுகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஒவ்வொரு வளையம் வந்ததும் அதில் ஒரு கொக்கியை மாட்டி, கயிற்றைக் கொக்கிக்குள் நுழைக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்திருப்பார். மேலே இருப்பவர் கை வழுக்கினால் கீழே இருப்பவர் கயிற்றை இறுக்கிப் பிடிப்பார், மேலே இருப்பவர் கொஞ்ச தூரம் விழுந்து தொங்குவார். கீழே இருப்பவர் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சங்கத்தின் விளம்பரத் தட்டியில் எழுதவில்லை. தட்டியில் இடம் போதவில்லையாம்.

சங்கத்தின் பயிற்சியாளர் மலைக்கொழுந்து என்ற வரையாடு. பிறந்த மூன்றாம் நாளே பாறை விளிம்பில் தூங்கியவர். கயிற்றை அவர் வாழ்நாளில் கட்டியதில்லை. பயம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. தெரியாத அந்த விஷயத்தைப் பற்றித்தான் தினமும் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள்.

அந்தச் சங்கத்தில் வராகவல்லி என்ற காட்டுப்பன்றி போய்ச் சேர்ந்தாள். ஐந்து ஈற்றுக் குட்டிகளை வளர்த்து ஆளாக்கிவிட்டவள். பாறை ஏறும் உடல்வாகு இல்லை. இடுப்புவார் கட்டப் போனவர்கள் இடுப்பு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று தங்களுக்குள் கலந்து பேசினார்கள். காலுக்கு இறுக்கமான காலணி போட வேண்டும் என்பது விதி. மற்றவர்களுக்கு ஒரு ஜோடி, இவளுக்கு இரண்டு ஜோடி. நான்கும் கடித்தன.

இத்தனை பாடு அவளுக்கு எதற்கு? அவளுடைய மந்தை ஓடுகிற மந்தை. சருகு அசைந்தால் ஓடும். காக்கை கத்தினால் ஓடும். ஓடி முடித்துவிட்டுத்தான் எதற்கு ஓடினோம் என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். பிறந்ததிலிருந்து வராகவல்லியும் கூடவே ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் அவளுக்கு அலுத்துவிட்டது. பயந்தும் ஓடாமல் நின்ற இடம் என்று ஒன்றே ஒன்றாவது தனக்கு இருக்க வேண்டும் என்று தோன்றியது. பாறையில் ஏறிவிட்டால் ஓட முடியாது. அதனால் பாறையைத் தேர்ந்தெடுத்தாள். நல்ல யோசனைதான், மந்தையில் யாருக்கும் புரியவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வளையம் வரை ஏறினாள். அங்கே நின்று கீழே பார்த்தாள். கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. இறங்கிவிட்டாள். இரண்டாவது ஞாயிறும் அதே வளையம், அதே ஆட்டம், அதே இறக்கம்.

மூன்று தடவை பாதியில் இறங்குகிறவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். அடித்த பெயரை மறுபடி எழுதுவதில்லை. ஆக, வராகவல்லிக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

"உனக்குத் தன்னம்பிக்கை இல்லம்மா" என்றார் மாஸ்டர். "தினமும் காலைல குட்டைத் தண்ணில உன் முகத்தப் பாத்து 'நான் ஒரு பல்லி'ன்னு இருபத்தோரு தடவை சொல்லு."

அவள் சொன்னாள். ஒரு நாள் விடாமல் சொன்னாள். குட்டையில் இருந்த தவளைகள் மரியாதைக்காக ஒன்றும் பேசவில்லை.

உண்மையில் மூன்றாவது வளையத்திலிருந்து கீழே பார்த்தபோது அவள் கண்டது என்ன என்பதை மாஸ்டர் கேட்கவே இல்லை. அவள் கண்டது ரணதீரனை. அவளுக்குக் கயிறு பிடித்த சிறுத்தை. காட்டிலேயே தைரியசாலி என்று பெயர் எடுத்தவன், அதனால் பழகாதவர்களுக்கெல்லாம் அவனைத்தான் கயிறு பிடிக்கப் போட்டார்கள். சங்க நேரத்தில் உறுப்பினரை உண்ணக்கூடாது என்று விதி இருந்தது, அவனும் அதை மதித்தான். ஆனால் முதல் ஞாயிறு அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது ஞாயிறு கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செல்போனில் தன் மீசையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பயப்படாதீங்க, விழுந்தா நான் இருக்கேன்ல" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

ஆறுதல் என்னவோ சரிதான். ஆனால் பன்றிக்குச் சிறுத்தை சொல்லும்போது அது ஆறுதலாகக் கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தது. வராகவல்லி கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையடியில் நின்றாள். ரணதீரன் வந்து தூரத்திலிருந்தே பார்த்து, "எல்லாம் சரி, ஏறுங்க" என்றான்.

அப்போது பக்கத்து வரிசையிலிருந்து ஒரு நடுங்கும் குரல் கேட்டது.

"யக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்த முடிச்ச ஒரு தடவை பாத்துக்கிடட்டா?"

குழைக்காதன் என்ற முயல். மூன்று வருடமாக அந்த வரிசையில் நிற்கிறான். சேர்க்கைப் படிவத்தில் 'தன்னம்பிக்கை உண்டா?' என்று ஒரு கேள்வி இருக்கும். எல்லோரும் 'உண்டு' என்று எழுதிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இவன் நேர்மையாக 'இல்லை' என்று எழுதினான். அதனால் பாறையைத் தொட விடவில்லை. நிற்கிற நேரத்தில் கயிற்றோடு வரும் பொடி எழுத்துக் குறிப்புத்தாளை அட்சரம் விடாமல் படித்து வைத்திருந்தான். காட்டில் அதைப் படித்த ஒரே பிராணி அவன்தான். படிக்கப் படிக்கப் பயம் கூடியது, பயம் கூடக் கூட மறுபடி படித்தான்.

முயல் முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். காது இரண்டும் விறைத்தன.

"யக்கா, இது பாதி முடிச்சுக்கா. கயிறு வந்த வழியிலயே திரும்பப் போயிருக்கணும். போகல. பாரம் விழுந்தா உருவிக்கிடும்."

"போன வாரமும் இப்படித்தானே கட்டினேன்?" என்றாள் வராகவல்லி.

ரணதீரன் ஒரு ஈயை விரட்டினான்.

வராகவல்லிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் மூளை தெளிந்தது.

"மாஸ்டர், எனக்கு இந்தத் தம்பி கயிறு பிடிக்கட்டும்."

"இவனா? இவன் படிவத்துலயே 'இல்லை'ன்னு எழுதினவன்மா!"

"அது ஏறுறவங்களுக்கான படிவம். பிடிக்கிறவங்களுக்குத் தன்னம்பிக்கை வேணும்னு எந்தப் படிவத்துல இருக்கு?"

மாஸ்டர் எல்லாப் படிவத்தையும் புரட்டினார். இல்லை. ஒரு விஷயம் படிவத்தில் இல்லாவிட்டால் அதைத் தடுக்க அந்தக் காட்டில் யாருக்கும் அதிகாரம் கிடையாது.

குழைக்காதனுக்கு மயக்கம் வராத குறை. முடிச்சை ஒன்பது தடவை பார்த்தான். கொக்கிகளை எண்ணினான். பிறகு அவளையும் தன்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யக்கா, நீங்க விழுந்தீங்கன்னா நான் உங்களத் தாண்டி மேல போயிருவேன். என்னைய அந்த மரத்து வேர்ல கட்டிப் போடுங்க" என்றான். கட்டிப் போட்டார்கள். பிறகு முடிச்சைப் பத்தாவது தடவை பார்த்தான். கூடியிருந்த குரங்குகள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டன.

அவள் ஏறினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது வளையத்தில் கொக்கியை மாட்டினாள். பழக்கதோஷம், கீழே பார்த்தாள்.

கீழே முயல் அவளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைச் சிமிட்டவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய கால் ஆடவில்லை. அதற்குக் காரணம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாள் கீழே இருந்தவன் பயப்படாததால் அவன் பங்குப் பயத்தையும் சேர்த்து அவளே பட வேண்டியிருந்தது. இன்று பாதியைத் தூக்க ஆள் இருக்கிறது. மனசு லேசாகிவிட்டது. அந்த முயல் மேல் அவளுக்குப் பாசம் பொங்கியது.

லேசான மனதோடு அடுத்த பிடியை எட்டினாள். பிடி வழுக்கியது. விழுந்தாள்.

இரண்டு பன்றி நீளம் விழுந்தாள். கீழே முயல் விர்ரென்று மேலே எழும்பினான், வேர்க் கட்டு இழுத்ததும் அந்தரத்தில் நின்றான். கயிறு விறைத்தது. வராகவல்லி தொங்கினாள். உயிர் இருந்தது. முடிச்சும் இருந்தது.

"யக்கா! பிடிச்சிருக்கேன்! ஆனா ரொம்பப் பயமா இருக்கு!"

"அப்படியே இரு தம்பி! நல்லா பயப்படு!"

விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அதைப் பற்றிக் கற்பனை செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வராகவல்லி மறுபடி பாறையைப் பிடித்தாள். நான்கு. ஐந்து. ஆறில் ஒரு காலணி கழன்று விழுந்தது, மூன்று காலணியோடு ஏறினாள். ஏழு. எட்டு.

உச்சியில் கொஞ்சம் இடம் இருந்தது. பிருஷ்டத்தை வைத்து உட்கார்ந்தாள். தூரத்தில் அவள் மந்தை எதற்கோ பயந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஓடவில்லை. ஓட இடமில்லை என்பதும் ஒரு காரணம்தான், இருந்தாலும் அழுகை வந்தது. சந்தோஷ அழுகை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உச்சி வளையத்தில் கயிற்றை நுழைத்து, "தம்பி, இறக்கு!" என்று கூப்பிட்டாள்.

பதில் இல்லை. எட்டிப் பார்த்தாள்.

கீழே குழைக்காதன் கழுத்தில் ஒரு காட்டுமல்லி மாலை விழுந்திருந்தது. சிரித்த குரங்குகளே இப்போது 'மாவீரன்' என்று கோஷம் போட்டன. மாஸ்டர் அவனைத் துணைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டதாக அறிவித்துக்கொண்டிருந்தார். முயலின் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. நடுக்கம் நின்றிருந்தது. வேர்க் கட்டை அவனே அவிழ்த்துவிட்டு, ஒரு கையால் கூட்டத்துக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான்.

"யக்கா!" என்று அவன் கத்தினான். "எனக்குப் பயமே போயிருச்சு! கண்ண மூடிக்கிட்டே இறக்குதேன், பாருங்க!"

எட்டு யானை உயரத்தில் வராகவல்லி பாறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மந்தையில் ஓடிய காலத்தில் கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

"ரணதீரா!" என்று அலறினாள். "அந்தப் பிள்ளையப் பாத்து ஒரு உறுமல் உறுமு!"

சிறுத்தை தயங்கினான். "விதிப்படி உறுப்பினரைப் பயமுறுத்தக் கூடாதே."

"அய்யா ராசா, நீ நல்லா இருப்ப! உறுமு!"

அவன் உறுமினான். மாலை தனக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தமும் அதில் கலந்திருந்ததால் உறுமல் அசலாக வந்தது. சங்கத்துக்கு அவன் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

குழைக்காதனின் காது மடங்கியது. ஓடிப் போய் வேரில் மறுபடி தன்னைக் கட்டிக்கொண்டான். கை இரண்டும் கயிற்றுக்குப் போயின. வளையத்துக்கு வளையம் நிறுத்தி, "யக்கா, இருக்கீங்களா?" என்று கேட்டுக் கேட்டு, நடுங்கி நடுங்கி அவளை இறக்கினான்.

தரையில் நான்கு காலும் பட்டதும் வராகவல்லி அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் விம்மினான்.

"பயம் போயிருச்சுன்னு நெனைச்சேன்க்கா. திரும்ப வந்துருச்சே."

"விட்டுராத தம்பி, பத்திரமா வச்சுக்க" என்றாள் அவள். "அடுத்த ஞாயிறும் நான் ஏறணும்."

நீதி: ஏறுகிறவருக்குத் தன்னம்பிக்கை வரலாம், தப்பில்லை. கயிறு பிடிக்கிறவருக்கு அது வந்துவிட்டால் தாமதிக்காமல் ஒரு சிறுத்தையைக் கூப்பிடவும்.