பெலிந்தோரா எங்கே இருக்கிறது?

மயோர்க்கா தீவை ஹூபர்ட் ஒரே வார்த்தையில் கடலுக்குள் அமுக்கினார்.

"காத்து."

சைக்கிள் சங்கத்தின் புதுச் செயலாளர் யோரிஸ், காபியும் பீரும் கிடைக்கும் கடைச் சுவரில் தாமே மாட்டிய வரைபடத்தில் குச்சியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார்.

"சரி, ஜிரோனா?"

"அங்க காபியா தருவானுங்க? வெந்நீரைக் கப்புல காட்டிட்டுப் போவானுங்க," என்றாள் டோரீன். நர்சு வேலை பார்ப்பவள். மலையேற்றத்தில் சங்கத்தின் ஆண்கள் எல்லோரும் அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"இத்தாலி? தஸ்கனி?"

"திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு சர்ச்சு," என்றார் கமீல். "சர்ச்சைப் பார்த்தாலே எனக்கு வேலை ஞாபகம் வந்துடுது." அவர் சவ அடக்கம் செய்யும் தொழிலில் இருந்தார்.

வெளியே பிப்ரவரி மழை, நாலு நாளாக விட்ட பாடில்லை. ஏப்ரலில் போட்டிகள் தொடங்கிவிடும். அதற்குள் எங்காவது வெயிலுள்ள மலையில் ஒரு வாரம் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தால்தான் தங்கள் பெல்ஜியத்து ஃப்ளாண்டர்ஸ் பகுதியின் கற்சாலைகளில் மானத்தோடு ஓட்ட முடியும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது செயலாளர் பொறுப்பு. பழைய செயலாளர் மகளோடு கனடாவுக்குக் குடிபோய்விட்டார்.

யோரிஸ் ஊருக்குப் புதிது. போன இலையுதிர் காலத்தில்தான் ஆண்ட்வெர்ப்பிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். இந்த ஊரில் புது ஆளுக்கு ரொட்டிக்கடைக்காரன் கூட முகம் கொடுத்துப் பேசமாட்டான். சங்கத்தில் சேர்ந்து, ஒரு குளிர்காலம் முழுக்க மழையில் நனைந்து மிதித்த பிறகுதான் நாலு பேர் அவரை 'வாத்தியாரே' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். 'இடம் பார்க்க இவரைவிட்டா வேற யாரு?' என்று தலைவர் ஓமேர் பதவியை அவர் தலையில் கட்டினார்.

யோரிஸ் போர்ச்சுகலுக்குக் குச்சியை நகர்த்துவதற்குள் கமீல் மெல்லச் சொன்னார்:

"பெலிந்தோரா."

சட்டென்று எல்லோர் முகமும் மலர்ந்தது.

"அட, பெலிந்தோரா!"

"அதைச் சொல்லு முதல்ல!"

கசாப்புக்கடை ஓமேர் மேசையைத் தட்டினார். கண்ணாடிக் குவளைகள் குதித்தன. "அப்புறமென்ன, முடிஞ்சுது! வாத்தியாரே, பெலிந்தோரா தெரியுமில்ல உங்களுக்கு?"

'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இருபது வருஷம் பூகோளம் நடத்திய நாக்குக்கு அந்தச் சொல் மறந்து போயிருந்தது.

"தெரியாம என்ன? போயிருக்கேனே."

எல்லோர் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"நீங்களா? பெலிந்தோராவுக்கா?"

"ரெண்டு தடவை."

"எப்படி இருந்துது?" என்று டோரீன் ஆவலோடு முன்னால் சாய்ந்தாள்.

"நல்லாத்தான் இருந்துது. என்ன, கொஞ்சம் கூட்டம்."

"கூட்டமா!" ஹூபர்ட்டுக்குப் பீர் மூக்கில் ஏறியது. ஓமேர் அவர் முதுகில் அறைந்தார். தலைவர் முகத்தில் ஏதோ ஒரு கேள்வி எழுந்து, எழுந்த வேகத்தில் அடங்கியது.

யோரிஸ் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

வரைபடத்தில் பெலிந்தோரா இல்லை. பள்ளியிலிருந்த பெரிய அட்லஸிலும் இல்லை. கம்ப்யூட்டரில் தேடினால் அர்ஜென்டினாவில் ஒரு பாட்டுக்காரியும், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தலைமுடிச் சாயமும் வந்தன.

"இதுல என்ன இருக்கு?" என்றாள் மனைவி லீஸ்பெத். "தலைவருக்கு ஃபோனைப் போடு. எனக்குத் தெரியாது, எங்க இருக்குன்னு கேளு."

"போயிருக்கேன்னு சொல்லிட்டேனே."

"மறந்துட்டேன்னு சொல்லு."

"ரெண்டு தடவைன்னு சொல்லிட்டேன் லீஸ்பெத்."

"ஏன்ப்பா ரெண்டு? ஒண்ணோட நிறுத்தியிருக்கலாமில்ல?"

"ஒரு தடவைன்னா நம்பமாட்டாங்களோன்னு..."

லீஸ்பெத் அவரைப் பார்த்த பார்வையில் இருபத்தோரு வருஷ இல்லறம் முழுவதும் இருந்தது.

நேராகக் கேட்க முடியாது. வாயைக் கிளறித்தான் வாங்கவேண்டும். ஹூபர்ட் குழாய் ரிப்பேர் செய்கிறவர். ஒரு குழாய் கெட்டால் வீட்டுக்கு வருவார், வந்தால் பேசுவார். வீட்டில் எந்தக் குழாயும் கெடவில்லை. எனவே யோரிஸ் திருப்புளியை எடுத்துச் சமையலறைக் குழாயை லேசாக நெகிழ்த்தினார். குழாய் கையோடு வந்தது. தண்ணீர் கூரையைத் தொட்டது.

ஹூபர்ட் வந்து சேர்ந்தபோது லீஸ்பெத் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தாள்.

"யார் இதைக் கழட்டினது? பெரிய முட்டாளா இருப்பான் போலிருக்கே," என்று தொட்டிக்கு அடியில் படுத்தபடி ஹூபர்ட் கேட்டார்.

"தெரியல," என்றார் யோரிஸ். தேவையில்லாத இடத்தில் அந்தச் சொல் தாராளமாக வந்தது. "அது போகட்டும், பெலிந்தோராவுல இப்ப எப்படியிருக்கும்? மார்ச்சுல?"

"எப்பவும் போலத்தான். காலையில சாந்தம். மத்தியானம் இடி, மின்னல். சாயங்காலம் எல்லாம் தெளிஞ்சுடும்."

"ராத்திரி?"

"ராத்திரிதான் அந்த உறுமல் இருக்கே! சுவரெல்லாம் அதிரும். நீங்க போனப்போ கேட்டிருப்பீங்களே?"

"கேட்டேன், கேட்டேன்," என்ற யோரிஸ், 'கடல். பாறைக் கரை' என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். 'மதியம் இடிமழை.'

மறுநாள் ரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில் டோரீனிடம் போனார்.

"மழைக் கோட்டு எடுத்துக்கணுமில்ல, டோரீன்? மத்தியானம் மத்தியானம் இடி மழைன்னு..."

"மழையா?" அவள் சிரித்தாள். "நான் ஒரு சொட்டுகூட அங்க பார்த்ததில்லையே. அடேயப்பா, வாத்தியாரே, உங்களுக்கு அழுத்தம் திடீர்னு ஏறுதே! ஏதாவது கவலையா?"

கசாப்புக்கடையில் ஓமேர் மாட்டுத் தொடையை வெட்டியபடியே பேசினார். "முன்பக்கம் கதவைத் திறந்தா மலை, பின்பக்கம் ஜன்னலைத் திறந்தா தூரத்துல கடல். ராத்தஸ் கணவாய் எட்டிப் பிடிக்கிற தூரம். ஸ்பெயின்ல அலிகாந்தேக்குத்தானே விமான டிக்கெட்?"

"பின்ன, வேற எங்க?" என்றார் யோரிஸ்.

வீட்டுக்கு வரும் வழியில், மழையில், நடு ரோட்டில் அவருக்கு ஞானம் பிறந்தது. ஒருவர் இடி மின்னல் என்கிறார். இன்னொருத்தி ஒரு சொட்டு மழை இல்லை என்கிறாள். சுவர் அதிரக் கடல் உறுமுகிறது. அதே கடல் தூரத்தில் இருக்கிறது. ஆளாளுக்கு எங்கேயோ பார்த்ததை ஒட்டுப்போட்டுச் சொல்கிறார்கள்!

"லீஸ்பெத், ஒருத்தருக்கும் தெரியல!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். "கமீல் ஏதோ உளறியிருக்கார். மத்தவங்க எல்லாரும் கௌரவத்துக்காகத் தலையாட்டியிருக்காங்க. பெலிந்தோரான்னு ஒரு ஊரே கிடையாது!"

"அதாவது, உன்னை மாதிரியே எட்டுப் பேர்ங்கிற."

"ஏழு பேர். நான் எட்டாவது."

"இப்ப என்ன செய்யப்போற?"

"இல்லாத ஊரை எங்க வேணும்னாலும் வச்சுக்கலாமே!"

பூகோள வாத்தியாருக்கு இப்படியொரு வாய்ப்பு வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும். ராத்தஸ் கணவாயின் அடிவாரத்தில், முன்னால் மலையும் பின்னால் தூரத்துக் கடலுமாக ஒரு விடுதியைத் தேடிப் பிடித்தார். நடத்துகிறவள் இனெஸ் என்ற அம்மாள். பெல்ஜியத்து சைக்கிள்காரர்களோடு பழகிப் பழகி அவர்கள் பாஷையைத் தட்டுத்தடுமாறிப் பேசுவாள். யோரிஸ் அவளுக்கு ஃபோன் போட்டார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. நாங்க தங்குற வாரம் மட்டும் உங்க வாசல்ல ஒரு பலகை மாட்டிக்கணும். நானே கொண்டு வரேன்."

"என்ன பலகை?"

"பெலிந்தோரான்னு."

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

"பெலிந்தோராவா? என் வாசல்லயா?"

"நண்பர்களுக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம்னு..."

இனெஸ் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். "கொண்டு வாங்க சார், கொண்டு வாங்க! ஒண்ணு போதுமா? ரெண்டா மாட்டுங்க!"

வெயில் நாட்டுக்காரர்களுக்கு எதற்கும் சிரிப்பு வரும் என்று யோரிஸ் நினைத்துக்கொண்டார்.

லீஸ்பெத்தான் பலகைக்கு நீலவர்ணம் அடித்து, எழுத்தை மஞ்சளில் எழுதினாள். "இது எப்படி முடியுதுன்னு பார்க்கத்தான் எழுதித் தரேன்," என்றாள். யோரிஸ் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிப் போய், ஏணி வைத்து, தம் கையாலேயே ஆணி அடித்தார். இனெஸ் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் மேல! மலை மேல இருந்து பார்த்தாலும் தெரியணும்!" என்று உற்சாகப்படுத்தினாள்.

மறுநாள் வேன் வந்து நின்றது. யோரிஸ் டிரைவருக்கு விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். ஏழு பேரும் இறங்கினார்கள். ஏழு பேரும் அண்ணாந்து பலகையைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை.

"வந்துட்டோம்! பெலிந்தோரா!" என்று யோரிஸ் கையை விரித்தார்.

ஹூபர்ட் வாயைத் திறந்தார். ஓமேர் அவர் காலை மிதித்தார். பிறகு தலைவர் மெல்லத் தொப்பியைக் கழற்றி, பலகையையும், அதன் கீழே ஏணியோடு நின்ற வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெலிந்தோரா," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "கொஞ்சமும் மாறல."

"அந்தக் கதவு!" என்றார் கமீல். "அதே கதவு."

டோரீனுக்குத் திடீரென்று பயங்கரமான இருமல் வந்து, வேனுக்குப் பின்னால் போய்விட்டாள்.

'அடப்பாவிகளா!' என்று யோரிஸ் உள்ளுக்குள் வியந்தார். 'பொய்யைக் கூசாமல் சொல்கிறார்களே! அதிலும் ஒரு சவ அடக்கக்காரர்!'

அந்த வாரம் போல ஒரு வாரம் அவருக்கு வாய்த்ததில்லை. காலையில் எட்டுப் பேரும் ராத்தஸ் கணவாய் ஏறினார்கள். பாதாம் மரங்கள் பூத்து முடிந்து பச்சை பிடித்திருந்தன. மழை இல்லை, இடியும் இல்லை. கேட்டால், "இந்த வருஷம் அதிர்ஷ்டம்," என்று ஹூபர்ட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ராத்திரி உறுமலும் இல்லை. "காத்து வேற பக்கம் அடிக்குது போல," என்றாள் டோரீன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் இரண்டிரண்டு பேராக நழுவினார்கள்.

"நானும் வரட்டுமா?"

"வேணாம், வேணாம்! நீங்க படுங்க வாத்தியாரே. வேலை செஞ்சு களைச்சிருக்கீங்க. சும்மா கால் நீட்டிட்டு வரோம்."

திரும்பி வரும்போது ஒவ்வொருவர் மோவாயிலும் கேக் துகள் ஒட்டியிருந்தது. ஓமேர் ஒருநாள் கன்னம் சிவந்து, யாரிடமோ நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டவர் போல வந்தார். யாரிடமாவது ஊர்ப்பெயரை விசாரித்து மூக்குடைபட்டிருப்பார் என்று யோரிஸ் பரிதாபப்பட்டார். அவர்கள் சங்கடப்படக் கூடாதே என்று, ராத்திரிச் சாப்பாட்டின்போது தாம் இதற்கு முன் இரண்டு தடவை பெலிந்தோராவுக்கு வந்த கதைகளை விரிவாகச் சொன்னார். ஏழு பேரும் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்கள்.

கடைசி ராத்திரி ஓமேர் எழுந்து குவளையை உயர்த்தினார்.

"எங்களுக்கு இப்படி ஒரு பெலிந்தோராவைக் காட்டினது நம்ம வாத்தியார். இதுக்காக அவர் பட்ட பாட்டை நாங்க யாரும் மறக்க மாட்டோம். இனிமே சாகுற வரைக்கும் அவர்தான் செயலாளர்!"

"செத்தாலும் நான் பார்த்துக்கறேன்," என்றார் கமீல்.

எல்லோரும் எழுந்து கட்டிக்கொண்டார்கள். ஆண்ட்வெர்ப்பை விட்டு வந்த நாளிலிருந்து யோரிஸின் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மற்றவர்கள் வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டிருக்க, யோரிஸ் ஏணி வைத்துப் பலகையைக் கழற்றி இனெஸிடம் கொடுத்தார். ஒரு வாரமாக அடக்கி வைத்த சிரிப்பு இப்போது பொங்கி வந்தது.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன்மா. வயசான மனுஷங்க ஏழு பேர், ஒரு வாரம் முழுக்க இல்லாத ஊர்ல இருந்துட்டுப் போறாங்க. 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்ல ஒருத்தருக்காவது வாய் வந்துதா பாருங்க! அவ்வளவும் பொய், அவ்வளவும் வீறாப்பு!"

இனெஸ் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இல்லாத ஊரா? பெலிந்தோரா என்னைப் பெத்தவளுக்கு மூத்த பொண்ணு சார், குறட்டை விட்டா சுவரே அதிரும், மலைக்கு அந்தப் பக்கம் பலகையில்லாத விடுதி அவளோடது, உங்க ஆளுங்க வருஷா வருஷம் அங்கதான் தங்குவாங்க. இந்தத் தடவை 'பாவம், வாத்தியார் ஆசையா ஆணியெல்லாம் அடிச்சிருக்கார், அவர் மனசு நோகக் கூடாது'ன்னு முதல் நாளே அவகிட்ட போய் மன்னிப்புக் கேட்டு, தினமும் மத்தியானம் ரெண்டு ரெண்டு பேரா திட்டு வாங்கிட்டு வந்தாங்க!"