வஜ்ரமண்டையனின் காதுவலி

ஒரு காட்டில், வாராவாரம் படக்கதை வெளிவரும் அளவுக்கு முன்னேறிவிட்ட காட்டில், செதிலன் என்றோர் எறும்புத்தின்னி இருந்தான். அணில் முறைத்தாலே சுருண்டு படுத்துக்கொள்கிற சாது. அவன் முதுகைப் பார்த்துச் சொக்கிப்போன மரங்கொத்தி ஓவியர், அவனையே வில்லனாக வைத்து ‘வஜ்ரமண்டையன்’ கதையை வரைந்து தள்ளினார்.

வஜ்ரமண்டையனை இடி தாக்கினால் இடிக்குத்தான் சுளுக்கு. தலையில் மலையைப் போட்டால் தூசி தட்டி எழுந்து, “அடுத்தது?” என்பான். வாலைச் சுழற்றினால் யானைப்படை சாயும். சிலம்பம், வர்மம், மல்யுத்தம் எல்லாம் ஒரே பக்கத்தில் நடக்கும். அசல் செதிலனுக்குத் தெரிந்த சண்டை ஒன்றுதான்: உருண்டையாகச் சுருண்டு, எதிரிக்கு அலுத்துப்போகும்வரை காத்திருப்பது.

ஒருநாள் அவனுக்குக் காது வலித்தது. உள்ளே யாரோ தைத்துக்கொண்டிருப்பதுபோல் குத்தல். காது போய்விட்டால் புற்றுக்குள் எறும்பு நடக்கும் சத்தம் கேட்காது. அப்புறம் பட்டினிதான். பயந்துபோய்க் கொக்கு டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

ஜன்னலில் கீரி உட்கார்ந்திருந்தது.

“அக்கா, ஒரு டோக்கன் தாங்க.”

“நீங்கதான் எதையும் தாங்குவீங்களே, மண்டையண்ணே. ஓரமா நில்லுங்க. பாவப்பட்டதுங்க முதல்ல போகட்டும்.”

நின்றான். நகம் பிளந்த முயல் உள்ளே போனது. தும்மல் வந்த குரங்கு போனது. தும்மல் வரலாம் என்று சந்தேகப்பட்ட நரியும் போனது. போகிற போக்கில் அவன் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டு, “வலிக்கலைல்ல?” என்றது.

“வலிக்குது.”

“குசும்புய்யா உனக்கு.”

செதிலனால் அடக்க முடியவில்லை. கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டது.

வரிசை அப்படியே உறைந்தது. “அழறான்,” என்றது மான் மெதுவாக. “போன வாரக் கதையிலயும் அழுதான். அடுத்த பக்கத்துல மலையே இல்ல.”

அவ்வளவுதான். வரிசை சிதறி ஓடியது. கீரி ஜன்னல் வழியே பாய்ந்தது. கொக்கு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடு பறந்தார். இப்போது ஆஸ்பத்திரி முழுக்க அவனுக்குத்தான். டாக்டர் மட்டும் இல்லை.

அந்த அமைதியில், காதுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“அண்ணே, வலிக்குதா?”

“யாருப்பா நீ?”

“கட்டெறும்புண்ணே. நீங்க தின்னது போக மிச்சம். காட்டுலயே பத்திரமான இடம் உங்க மண்டைதான்னு படக்கதையில படிச்சேன், வந்துட்டேன். பயத்துல அப்பப்போ கடிச்சிடறேன். வெளிய வந்தா நீங்க தின்னுடுவீங்க.”

செதிலன் யோசித்தான். தலையை ஓர் உலுக்கு உலுக்கி நாக்கை நீட்டினால் போதும். வலியும் தீரும், பசியும் தீரும். ஆனால் அந்த வரிசையில் ஒருத்தரும் அவனிடம் ‘வலிக்குதா?’ என்று கேட்கவில்லை.

“கொஞ்சம் வலிக்குது,” என்றான். பிறகு, “நாளைக்கும் கேளு,” என்றான்.

நீதி: வலிக்கிறதா என்று கேட்க ஓர் ஆள் உள்ளவரை, காதை டாக்டரிடம் காட்டாதீர்கள்.