கூடை கை மாறவில்லை

காலை ஐந்து பத்து. கண் விழித்ததும் நான் பார்த்தது ஒரு போசி நிறைய மோர். அதற்குப் பின்னால் அம்மா.

"உக்காந்துட்டே குடி கண்ணு. வெடுக்குனு எந்திரிக்காதே. உப்புப் போட்டிருக்குது."

தொண்டாமுத்தூர்ச் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அன்று என் தம்பி பிரபுவுக்குக் கல்யாணம். எனக்கு வயது இருபத்தாறு, கோவையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை, ரத்த அழுத்தம் தொண்ணூறுக்கு அறுபது. கடைசி விவரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மண்டபத்தில் அது தெரியாதவர் பந்தலில் கட்டியிருந்த வாழைமரம் மட்டும்தான்.

காரணம், இரண்டு மாதத்துக்கு முன் நடந்த பிரபுவின் நிச்சயதார்த்தம். தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு சிலை மாதிரி நின்றிருந்தேன். கண் முன்னால் பூச்சி பறந்தது. அப்புறம் தாம்பாளம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தேங்காய் மட்டும் உருண்டு போய்ச் சம்பந்தி வீட்டு மாமாவின் காலடியில் நின்றது. (உடையவில்லை. செய்தி முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.)

எல்லாச் சோதனையும் செய்து பார்த்த டாக்டர் சிரித்தார். "இது நோயில்லீங்க. உங்க ஒடம்பு வாகு அப்படி. நெறையத் தண்ணி குடிங்க. உங்களுக்கு உப்புக் கொஞ்சம் சேர்த்துக்கலாம். பட்டினி கெடக்காதீங்க, படக்குனு எந்திரிக்காதீங்க. ரொம்ப நேரம் நிக்கோணும்னா குதிகாலைத் தூக்கித் தூக்கி வைங்க, கெண்டைச்சதை வேலை செய்யோணும். மத்தபடி நடங்க, ஓடுங்க, மலையேறுங்க."

அப்படியே செய்தேன். விடியலில் நடந்தேன். அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனேன். இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட விழவில்லை. இதை யாரும் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுந்ததுதான் செய்தி.

எங்கள் பக்கக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அவன் சகோதரி செய்யும் சீர். தலையில் மூங்கில் கூடை. கூறைப்புடவையின் ஒரு தலைப்பு அவள் கையில், மறு தலைப்பு மாப்பிள்ளை கையில். சடங்கு முடியும் வரை அவன் பக்கத்தில் அவள் நிற்க வேண்டும். கட்டிக்கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்த வீட்டில் இவளுக்கு உரிமை உண்டு என்று சபைக்குச் சொல்லும் இடம் அது. பிரபுவுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

சோமனூர்ப் பெரியம்மாவுக்கு இதில் வேறு கருத்து. "மேடையில உழுந்துபோட்டா சகுனம் என்னத்துக்கு ஆகறது? எங்க மல்லிகா நிக்கட்டும். நாளெல்லாம் தறிக்கிட்ட நிக்கற புள்ளை. அவளும் தங்கச்சி மொறைதானே?"

"நான்தான் நிப்பேனுங்க பெரீம்மா. உழுந்தா எந்திரிச்சு நிப்பேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று காலை மல்லிகா பட்டுடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, மேடையோரம் தயாராக நிற்பதைப் பார்த்தேன். கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளை நிறுத்தி வைப்பார்களே, அப்படி.

என் வீழ்ச்சி அங்கே ஆரம்பித்தது. மோர் விஷயம் அதற்குள் பந்தி வரைக்கும் பரவியிருந்தது. "அம்மணிக்கு உப்பு மோர் வேணுமாமா!" மாமா ஒரு டம்ளர். சித்தி ஒரு டம்ளர். பெண் வீட்டிலிருந்து, "நம்மூட்டு மோரையும் குடிச்சுப் பாருங்க" என்று ஒரு சொம்பு. எங்கள் ஊரில் நீட்டிய டம்ளரை வேண்டாமென்பது நீட்டியவரின் பரம்பரையையே வேண்டாமென்பதற்குச் சமம். தவிர, பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டம்ளரையும் அவருக்கு எதிரான வாதமாக நினைத்துக் குடித்து முடித்தேன். டாக்டர் சொன்ன அத்தனையும் நினைவிருந்தது. குடித்தது எங்கே போகும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. (சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். என்னைப் படித்தவள் என்று நம்பிவிட்டார்.)

மேடை ஏறினேன். கூடை தலைக்கு வந்தது, தலைப்பு கைக்கு வந்தது. சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் நிதானமான மனிதர். அவசரம் என்ற ஒன்றை வாழ்க்கையில் சந்தித்திராதவர். வீடியோக்காரர் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தார். வேர்த்தது. கண்ணில் முதல் பூச்சி பறந்தது.

குதிகாலைத் தூக்கினேன், வைத்தேன். தூக்கினேன், வைத்தேன். பூச்சி போய்விட்டது. மருத்துவம் வென்றது. அந்த நேரம் பார்த்துக் கொட்டுமேளம் தொடங்கியது. அது எப்படியோ என் குதிகாலோடு ஒத்துப்போனது.

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து கைகூப்பினார். "அம்மணிக்குச் சாமி வந்துருச்சுங்கோ!"

யாரோ திருநீறு கொண்டு ஓடி வந்தார்கள். "எந்தச் சாமிங்க வந்திருக்கறது? எங்க பையனுக்கு எப்பங்க வேலை கெடைக்கும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அதற்குள் குதிகாலைத் தூக்குவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. அது முதல் காரணத்தைவிட அவசரமானது. பிரபுவின் பக்கம் குனிய முடியாமல், கூடையை அசைக்காமல், பல்லிடுக்கில் சொன்னேன்.

"டேய். நான் போகோணும்."

"எங்கக்கா?"

"தென்னந்தோப்புப் பக்கம்." கழிவறைகள் மண்டபத்துக்குப் பின்னால், தோப்பின் ஓரம் இருந்தன.

"இப்பவா?"

"நேத்தே போயிருக்கோணும்."

பெரியம்மா எதையும் தவறவிடுகிறவரல்ல. மல்லிகாவின் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே மேடைக்கு வந்துவிட்டார். "கூடைய மல்லிகாகிட்டக் குடுத்துட்டு நீ போயிட்டு வா கண்ணு. ஒண்ணும் தப்பில்லை."

கொடுத்திருந்தால் சீர் மல்லிகாவுடையது. அதற்குப் பிறகு வீட்டில் எந்த நல்ல காரியத்திலும் "அவளுக்கு முடியாது" என்பது முடிந்துபோன தீர்ப்பாகிவிடும். மல்லிகா கையை நீட்டினாள். பாவம், நல்ல பெண். நான் கூடையை இறக்கினேன். மாப்பிள்ளையின் தலையில் வைத்தேன். என் கையிலிருந்த தலைப்பையும் அவன் கையிலேயே திணித்தேன். ஓடினேன்.

திரும்பி வரும்போது மண்டபமே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டுமேளம்கூட நின்றிருந்தது. மேடையில் பிரபு, மாலையும் தலைப்பாகையுமாக, தலைப்பாகைக்கு மேல் கூடையுமாக, கூறைப்புடவையின் இரண்டு தலைப்பையும் தானே பிடித்துக்கொண்டு நின்றான். வீடியோக்காரர் வேறு எதையும் எடுக்கத் தோன்றாமல் அவனையே எடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா அருமைக்காரரிடம் முறையிட்டார். "இது செல்லுங்களா? நீங்களே சொல்லுங்க."

அவர் வெற்றிலையை ஒதுக்கினார். அதற்கும் நேரம் எடுத்துக்கொண்டார். "ஒரே வவுத்துல பொறந்ததுகதானுங்க ரெண்டும். கூடை யாரு தலையில இருந்தா என்னுங்க? வேற கைக்குப் போகலீங்களே. நடக்கட்டும்."

கூடையை வாங்கித் தலையில் வைத்தேன். கடைசி வரை நின்றேன். குதிகாலைத் தூக்கித் தூக்கித்தான் நின்றேன், சாமி கேட்ட பெரியவர் கும்பிட்டுக்கொண்டேயிருக்க.

அந்த வீடியோ கேசட்டை எங்கள் சொந்தத்தில் பார்க்காதவர் இல்லை. தன் வேலையை ஆள் இல்லாமல் தானே செய்துகொள்கிறவனை எங்கள் வீட்டில் இன்றும் "பிரபு சீர் பண்றான்" என்பார்கள். கதை சொல்லும்போது சிலர் நான் மேடையில் மயங்கி விழுந்ததாகவும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு மட்டும் நான் திருத்தம் வெளியிடுவேன்: விழவில்லை. என் ரத்த அழுத்தம் இன்றைக்கும் கிட்டத்தட்ட அதேதான். மருதமலைப் படிகளை மாதம் ஒருமுறை ஏறுகிறேன். பையில் தண்ணீர் இருக்கும். மோர் இருக்காது.

போன வருடம் பிரபுவின் மகனுக்குக் கல்யாணம். இணைச்சீர் செய்தது பிரபுவின் மகள். அவளுக்கும் என் உடம்பு வாகு. மண்டபம் பார்க்கப் பிரபு தனியாகப் போனான். நான்கைந்து மண்டபம் பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்தான். அதில் மேடைக்குப் பின்னாலேயே கழிவறை இருந்தது.