கொசுறு வள்ளல் வருமானம் முழங்கிய படலம்

வாழ்க கொசுறு வள்ளல்! இரு தெரு கூடும் முனையிலே, தள்ளுவண்டியைத் தேராகவும் தராசைக் கொடியாகவும் ஓட்டை விழுந்த தார்ப்பாயை வெண்கொற்றக் குடையாகவும் கொண்டு, தக்காளிக் குன்றுகளுக்கும் வெண்டைக்காய் வனங்களுக்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகளாக வீற்றிருக்கும் கோமானே! 'கிலோ இருபது' என்று நீ ஒருமுறை முழங்கினால், மூன்றாம் தெருவின் மாடிவீட்டில் உறங்கும் குழந்தை திடுக்கிட்டு அழும். அதன் தாய் உன்னைத் திட்டிக்கொண்டே பையோடு இறங்கி வருவாள். அரைக் கிலோ கேட்டவருக்கு அரைக் கிலோ நிறுத்து, முள் நேராக நின்ற பின்னும் மனம் நேராக நில்லாமல், மேலும் இரண்டு காயை அள்ளிப் போடும் அந்த வலக்கரம் வாழ்க. இந்தக் கதையில் வந்த வினையெல்லாம் அந்தக் கரத்தால் வந்ததுதான்.

ஆயிரமாயிரம் சான்றிதழ்களை விழுங்கியும் பசியாறாதவளே, அழைத்தால் சுழல்பவளே, அவசரமென்றால் படுத்துக்கொள்பவளே, உதவித்தொகை இணையதளத்தைத் தாங்கி நிற்கும் சர்வர் அன்னையே! இந்தக் காதையைச் சொல்லி முடிக்கும் வரையிலாவது எழுந்து நில்லம்மா.

வள்ளலுக்கு ஒரே மகள். புத்தகக் கடலைப் பன்னிரண்டு ஆண்டுகள் கடைந்து, கடைசியில் மதிப்பெண் என்னும் அமுதத்தைக் கையில் ஏந்தி வந்த அந்தக் கூர்மதிச் செல்விக்கு, மருந்தியல் படிக்க நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. இடத்தோடு கூடவே கட்டணத் தாளும் வந்தது. வண்டி, தராசு, அன்றைய காய்கறி, வண்டிக்கடியில் வாடகை தராமல் குடியிருக்கும் நாய், எல்லாவற்றையும் சேர்த்து விற்றாலும் முதலாண்டுக்குப் பாதி தேறாது. ஏழை மாணவர் உதவித்தொகை ஒன்றே வழி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையதளத்தில் அவள் பெயருக்கு நேரே 'தகுதி' என்ற சொல் ஏறாவிட்டால், இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்கும் பெண்ணுக்குப் போய்விடும்.

நாற்பத்தொரு கட்டங்கள் கொண்ட அந்தப் படிவ வியூகத்தின் உள்ளே மகள் தனியாகவே புகுந்தாள். புகைப்படம் பெரிதென்று தளம் சீறியது, சுருக்கினாள். சிறிதென்று சீறியது, பெருக்கினாள். தெளிவில்லை என்று மூன்றாம் முறை சீறியபோது, இது என் மூஞ்சிதான், இதற்குமேல் தெளிவு கிடையாது என்று கைப்பேசியிடமே சொல்லிவிட்டு ஒரு வழியாக ஏற்றினாள். நாற்பது கட்டங்கள் வீழ்ந்தன. நாற்பத்தொன்றாவது கட்டம் மட்டும் மிச்சம் நின்றது: குடும்பத்தின் ஆண்டு வருமானம்.

"அது குடும்பத் தலைவர் போட வேண்டியது. கொடு இங்க," என்று வள்ளல் கையை நீட்டினார். கைப்பேசியைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, சுட்டுவிரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு, தாமே அனுப்பியும் விட்டார். நல்ல காரியத்தைத் தம் கையால் முடித்த நிறைவோடு அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. 'நிராகரிக்கப்பட்டது. ஆண்டு வருமானம் உச்சவரம்பான இரண்டு லட்சத்தைக் கடந்துள்ளது.'

மகள் திறந்து பார்த்தாள். கட்டத்தில் இரண்டு லட்சத்து இருநூறு என்று இருந்தது.

"அப்பா, இதென்ன இருநூறு?"

வள்ளல் வெங்காயத் தோலை ஊதிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு லட்சம்னு மொட்டையா எழுதக் கை வரலம்மா. அதான் மேல கொஞ்சம் போட்டேன்."

"மேல போட இது என்ன கத்தரிக்காயா?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "ஊருக்கெல்லாம் அள்ளிப் போட்டுப் போட்டு, கடைசில கவர்மெண்டுக்கும் போட்டுட்டாரு மனுஷன்!"

இருநூறு! பெரும்படைகளுக்கு அஞ்சாத கோட்டை ஒரு சுண்டெலிக்கு வீழ்ந்ததைப் போல, பன்னிரண்டு ஆண்டு உழைப்பு ஒரு கைப்பிடிக் கொசுறுக்கு வீழ்ந்து கிடந்தது. மகள் அழவில்லை. அழுதால் நேரம் போய்விடும் என்று கணக்குப் போடுகிற வகைப் பெண் அவள். திருத்த வேண்டுமானால் உரியவர் நேரில் வர வேண்டும் என்று தளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்து, அப்பாவைச் செருப்பைப் போடச் சொன்னாள்.

வாரத்திலேயே நல்ல வியாபாரம் நடக்கும் வெள்ளிக்கிழமையில், தேரின் மீது தார்ப்பாயை இழுத்து மூடி, நாயைக் காவலுக்கு நிறுத்தி, தந்தையும் மகளும் உதவித்தொகை அலுவலகத்தின் மேல் படையெடுத்துச் சென்ற காட்சியை என்னவென்று சொல்வேன்! வாயிலில் நின்ற காவலர் நுழைவு நேரம் முடிந்ததென்றார்; மணி பத்தரைதான் என்று மகள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்; அந்தக் கடிகாரம் நின்றுபோய் இரண்டு வருடமாகிறதென்று அவர் காட்டினார்; இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து உள்ளே விட்டார். டோக்கன் எண் எண்பத்தேழு. அறிவிப்புப் பலகையில் ஓடிக்கொண்டிருந்த எண் பன்னிரண்டு.

அங்கே கூடியிருந்த பெற்றோர்ப் பெருஞ்சேனையின் சிறப்பைக் கூறப் புகுந்தால் பொழுது போதாது. பிளாஸ்டிக் உறைகளைக் கேடயமாக மார்போடு அணைத்தவர்கள், ஒரே பேனாவைப் பத்துப் பேருக்குக் கடன் கொடுத்துவிட்டு மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடுபவர்கள், நான் இவருக்கு முன்னாடியே வந்தேன் என்று யாரும் கேட்காதபோதே சாட்சி சொல்பவர்கள். மூலையில் ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்று நின்றது. ஆதார் அட்டைக்கு ஒரு நகல், அதன் பின்புறத்துக்கு ஒரு நகல், பின்புறம் மங்கலாக வந்ததால் மறுபடியும் ஒரு நகல் என்று அது எல்லோரிடமும் காணிக்கை வாங்கிக்கொண்டு, மகளின் முறை வந்தபோது தாளைக் கடித்து வைத்துக்கொண்டு விட மறுத்தது. வாடிய முள்ளங்கியை மண்ணிலிருந்து உருவுகிற நிதானத்தோடு வள்ளல் அதன் வாயிலிருந்து தாளை உருவிக் கொடுத்தார். பகல் ஒரு மணிக்குக் கவுண்டர்கள் உணவுக்காகக் கதவடைத்தன. சேனை முழுவதும் பெஞ்சுகளில் சாய்ந்தது.

எண்பத்தேழு என்று பலகை ஒளிர்ந்தபோது மணி நான்கு முப்பத்தைந்து.

நான்காம் கவுண்டரில் அமர்ந்திருந்தவர் கண்ணாடிக்காரம்மா. மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, மேசையில் முத்திரைக் கட்டை. மூன்றையும் ஆயுதமாகக் கொண்ட அந்த வீராங்கனையின் முன்னே பொய் சொன்னவர்கள் பலர் நா உலர்ந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றினார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல, குறைச்சு எழுதி மாட்டினவங்களை வண்டி வண்டியாப் பார்த்திருக்கேன். கூட்டி எழுதி மாட்டின ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்றார். "சரி, வருமானம் ஏன் குறைஞ்சுதுன்னு கம்ப்யூட்டர் காரணம் கேக்குது. இதுல ஒண்ணைச் சொல்லுங்க. குடும்பத் தலைவர் இறந்துட்டாரு."

"இல்லைங்க, நான்தான் அது," என்றார் வள்ளல்.

"வேலை போயிடுச்சு. தீ விபத்து. வெள்ளம். விவாகரத்து."

கடைசிச் சொல்லுக்கு வள்ளல் ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. இது வீட்டுக்குத் தெரிய வேண்டாம். 'மற்றவை' என்ற கட்டத்தைக் கண்டுபிடித்தவள் மகள்தான். அதில் என்ன எழுதுவதென்று அம்மையார் கேட்க, "அப்பா கொசுறு போட்டுட்டாருன்னு போடுங்க மேடம்," என்றாள். கண்ணாடிக்காரம்மாவின் உதடு ஒரு ஓரமாக அசைந்தது. 'கணக்கீட்டுப் பிழை' என்று தட்டினார்.

"இப்ப உண்மையான வருமானத்தைச் சொல்லுங்க. தள்ளுவண்டிக்காரருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, நீங்க வாயால சொல்றதுதான் சான்று. நான் பதிஞ்சதும் கையெழுத்துப் போடணும். பொய்னா கேஸ் ஆயிடும்."

"ரெண்டு லட்சம்தானேப்பா? சொல்லுங்க," என்றாள் மகள்.

அப்போதுதான் அந்த விந்தை நிகழ்ந்தது. மூன்று தெரு தாண்டி ஒலிக்கும் பெருங்குரலோன், மழை நாளில் இடியோடு போட்டி போட்டு முருங்கைக்காய் விற்றவர், வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

"கேக்கல. சத்தமா."

வள்ளல் மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ போய்க் கொஞ்சம் தண்ணி பிடிச்சுட்டு வாயேன்மா."

"தண்ணி இருக்குப்பா." பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். அதில் முக்கால்வாசி இருந்தது.

ரெண்டு லட்சம். வீட்டில் அவர் எப்போதும் சொல்லும் கணக்கு அது. மைத்துனர் வந்தாலும் அதுதான், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் அதுதான், ராத்திரி அம்மா கவலைப்பட்டாலும் அதே ரெண்டு லட்சம்தான். சொல்லிச் சொல்லி அவருக்கே அது தன் வருமானம் மாதிரி ஆகிவிட்டது. எண்ணாக எழுதுவது சுலபம். எழுத்து யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பெற்ற பெண் பக்கத்தில் நிற்கும்போது வாயால் சொல்வது வேறு விஷயம்.

மணி நான்கு ஐம்பது. பின்னாலிருந்து எண்பத்தெட்டு, சார் சீக்கிரம் சொல்லுங்க சார், எங்களுக்கும் புள்ளைங்க இருக்கு என்று முனகினார். அந்த முனகல் வள்ளலின் செவியில் வாடிக்கையாளர் குரலாக விழுந்ததோ என்னவோ! கால்களை அகற்றி ஊன்றினார். வலது உள்ளங்கையை வாயோரம் குவித்தார். கண்களை மூடினார். பொன்னந்தி சாய்கிற வேளையில், மின்விசிறிகள் நடுங்க, கோப்புகள் சிலிர்க்க, அலமாரி மேல் தூங்கிய பல்லி விழித்தோட, அந்த அலுவலகம் கட்டிய நாள் முதல் கேட்டறியாத பேரொலி எழுந்தது:

"வருஷத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்! ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்! ஒரு லட்சத்து முப்பத்தெட்டே!"

மூன்று முறை. விலை கூவுகிறவருக்கு ஒரு முறையோடு நிறுத்தத் தெரியாது.

கூடம் அடங்கிப் போயிற்று. ஜெராக்ஸ் இயந்திரம்கூட நின்றது. மகள் தன் கைப்பையின் வாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணக்கில் கெட்டிக்காரி அல்லவா, வேண்டாமென்றாலும் மனம் கழித்துப் பார்த்துவிட்டது: கொசுறு இருநூறு இல்லை, அறுபத்திரண்டாயிரத்து இருநூறு. மாதத்துக்குப் பதினோராயிரத்து ஐந்நூறில்தான் தன் டியூஷனும், பஸ் பாஸும், போன வருடம் அடம்பிடித்து வாங்கிய காலணியும், 'உங்களுக்கென்ன, ரெண்டு லட்சம் சம்பாதிக்கிறீங்க' என்று ஒரு நாள் கத்தியபோது அப்பா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்த நோட்டும் இருந்திருக்கின்றன. அவர் கையிலிருந்த நகல்களை வாங்கித் தன் உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவை சொன்னாப் போதும்," என்றார் கண்ணாடிக்காரம்மா. குரல் முன்பு இருந்த மாதிரி இல்லை. எண்களைத் தட்டினார், வள்ளலைக் கையெழுத்துப் போடச் சொன்னார், அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

அந்தோ! சர்வர் அன்னை சுழன்றாள். நான்கு ஐம்பத்து நான்கு, சுழன்றாள். நான்கு ஐம்பத்தாறு, பக்கமே வெளுத்துப் போனது. எண்பத்தெட்டு முதல் நூற்றுப்பதினேழு வரையிலான சேனை தத்தம் பகையை மறந்து கவுண்டரின் மேல் சாய்ந்து, வாம்மா, வாம்மா என்று அவளைக் கூவி அழைத்தது. கம்பியில்லா இணைப்புக் கருவியைக் காவலர் ஓடிவந்து ஒரு தட்டு தட்டினார். அதனாலா, வேறெதனாலா, யாருக்கும் தெரியாது. நான்கு ஐம்பத்தெட்டுக்குத் திரையில் பச்சை நிறத்தில் அந்த ஒரு சொல் எழுந்தது: தகுதி.

முத்திரை இடியென இறங்கியது. வெற்றிக் களிப்பில் தம்மை மறந்த வள்ளல், பழக்கதோஷத்தால் சட்டைப்பையில் கைவிட்டு, காலையிலிருந்து அங்கேயே கிடந்த இரண்டு பச்சை மிளகாயை எடுத்து முத்திரைக் கட்டையின் பக்கத்தில் வைத்தார்.

கண்ணாடிக்காரம்மா சுவரில் தொங்கிய 'லஞ்சம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்' பலகையை விரலால் காட்டினார்.

"ஐயையோ, லஞ்சம் இல்லைங்கம்மா! கொசுறு!"

"எடுத்துட்டுப் போங்க," என்றார் அவர். ஆனால் ரசீதில் ஒரு நகலுக்குப் பதிலாக இரண்டு நகல் அச்சிட்டு, இரண்டிலும் முத்திரை குத்தி நீட்டினார்.

வாழ்க வள்ளல்! ஈரெழுநூறு கண்கள் காண உண்மையை மும்முறை முழங்கிய குரலோன் வாழ்க! இரட்டை ரசீதை இரு சிறகென ஏந்தி, தந்தையின் தோளோடு தோள் சேர்ந்து படியிறங்கிய மகள் வாழ்க! அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிய எண்பத்தெட்டு வாழ்க, கருவியைத் தட்டிய காவலர் வாழ்க, நின்றுபோன கடிகாரமும் வாழ்க! திசை எட்டும் இப்புகழ் பரவ, கடலும் மலையும் உள்ளளவும், தராசும் தட்டும் உள்ளளவும், படிவமும் கட்டமும் உள்ளளவும் இந்த வெற்றி நிலைத்து நிற்பதாக!

அடுத்த வருடம் நாற்பத்தொன்றாவது கட்டத்தையும் அவளே நிரப்பினாள்.