பன்னிரண்டு டிகிரி கண்ணியம்

மோதலை ஒழிக்க மனிதகுலம் என்னவெல்லாமோ செய்து பார்த்திருக்கிறது. ஒப்பந்தம் போட்டது, எல்லைக்கோடு கிழித்தது, மாநாடு கூட்டி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது. ஒன்றும் பலிக்கவில்லை. அந்தப் பெருமை கடைசியில் ஓர் உலோக வெட்டுத் தொழிற்சாலைக்குத்தான் கிட்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, இரண்டாவது மாடிக் கூட்ட அறையில், பிஸ்கட் தட்டு காலியாவதற்குள், அந்தத் தொழிற்சாலை மோதலை அடியோடு ஒழித்தது. ஒழித்த தீர்மானத்தை அழகான கையெழுத்தில் எழுதி வைத்தவள் புரோகிராமர்.

அவளுடைய உத்தியோகத்தைச் சொன்னால்தான் இந்தச் சாதனையின் அருமை விளங்கும். கீழே தொழிற்கூடத்தில் ஐந்து அச்சு மெஷின் ஒன்று இருந்தது. சாதாரண மெஷினில் வெட்டும் கருவி முன்னே பின்னே போகும், இடம் வலம் போகும், ஏறி இறங்கும், அவ்வளவுதான். இது கூடவே தலையைச் சாய்க்கும், திருப்பும். விசிறிச் சக்கரத்தின் நெளிந்த பிளேடுகளுக்கு நடுவே கருவி இறங்கும்போது, அதைப் பிடித்திருக்கும் தடித்த ஹோல்டர் பக்கத்துப் பிளேடில் இடித்துவிடக் கூடாது. எந்த இடத்தில் எத்தனை டிகிரி சாய்ந்தால் இடிக்காது என்று கணக்குப் போட்டு மெஷினுக்கு எழுதித் தருவது அவள் வேலை. எழுதியதை முதலில் கணினித் திரையில் ஓட்டிப் பார்ப்பாள். இடிக்கும் இடம் சிவப்பாகத் தெரியும். சாய்வைத் திருத்தி மறுபடி ஓட்டுவாள். சிவப்பு போகும்வரை அதே பிழைப்பு.

கருவி சாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உருண்டை முனைக் கருவியை நட்டுக்குத்தாக நிறுத்தினால் அதன் நுனிப் புள்ளி வெட்டாது. சுற்றிலும் எல்லாம் பறந்து பறந்து சுழல, நுனி மட்டும் இருந்த இடத்திலேயே தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருக்கும். இதை அவள் ஒருமுறை பொது மேலாளருக்கு விளக்கினாள். அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். அதற்குப் பிறகு அவள் இதை யாருக்கும் விளக்குவதில்லை.

சாய்வுக் கலை அவளுக்குக் கைவந்ததில் அதிசயம் இல்லை. எந்த வாக்கியத்தை எந்தக் கோணத்தில் இறக்கினால் யார் மேலும் படாது என்பதை வாய் திறக்கும் முன்பே கணக்கிட்டுவிடுவாள். நாத்தனார் வந்து கூடத்தின் நடுவில் நின்று, "வீடு ரொம்பச் சின்னதா இருக்கே" என்றால், "ஆமா அண்ணி, பெருக்கறதுக்குச் சுலபம்" என்பாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம். வீட்டில் ஒரு தட்டுகூட ஓங்கி வைக்கப்பட்டதில்லை. கழுத்து வலி மட்டும் இருந்தது. "ஒரே பக்கமா சாஞ்சு உக்காருவீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, "இல்ல டாக்டர், எல்லாப் பக்கமும்" என்று உண்மையைச் சொன்னாள். அவர் தைலம் எழுதிக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவளை 'மோதல் தவிர்ப்பு உயர்மட்டக் குழு'வில் சிறப்பு அழைப்பாளராகச் சேர்த்தது மேலிடத்தின் தீர்க்கதரிசனம். பொது மேலாளர் மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய், கழுத்தில் அட்டையோடும் நெஞ்சில் லட்சியத்தோடும் திரும்பியதும் அமைத்த குழு அது. மொத்தம் பதினோரு பேர். அதில் மெஷின் ஓடிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஆகவே கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள்.

"போன மாசம் மட்டும் நாற்பத்து மூணு மோதல்," என்று அவளுடைய அறிக்கையைத் தூக்கிக் காட்டினார் பொது மேலாளர்.

"அது திரையில சார். அங்கயே கண்டுபிடிச்சுத் திருத்திட்டதால மெஷின்ல ஒண்ணுகூட இல்ல."

"அதாவது, நீங்க கண்டுபிடிக்காம இருந்திருந்தா இந்த நாற்பத்து மூணு வந்திருக்காது."

"மெஷின்ல வந்திருக்கும் சார்."

"மெஷின் கீழ இருக்கும்மா. நான் மேல் மாடி எண்ணிக்கையைப் பத்திப் பேசறேன்."

இந்த வாதத்தின் வலிமையில் அறை முழுக்கத் தலையாட்டியது. தர அதிகாரி அம்மாள்தான் முதலில் வழி சொன்னார். "சிவப்பைப் பாத்தாலே படபடன்னு வருது சார். அதைப் பச்சையா மாத்திட்டா என்ன?"

"மோதல்ங்கிற வார்த்தையும் நல்லா இல்ல," என்றார் மனிதவள அதிகாரி. "கேக்கறவங்க மனசு புண்படும். 'நெருக்கம்'னு வச்சுக்கலாமே."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. நின்றதை அவளே கவனித்தாள். பிறகு வழக்கமான கணக்கு ஓடியது: இப்படிச் சொன்னால் இவர் மேல் படும், அப்படிச் சொன்னால் அவர் மேல் படும்.

"பச்சையில நிறைய வகை இருக்கு சார்," என்றாள். "எது வேணும்?"

இளம்பச்சை என்று ஒருமனதாக முடிவாயிற்று. மதியத்துக்குள் அவளே தன் கையால் மாற்றினாள். இடிக்காத இடமும் இளம்பச்சை, இடிக்கும் இடமும் இளம்பச்சை. திரை புல்வெளி போல் குளுகுளுவென்று இருந்தது. அந்த மாதம் மோதல் பூஜ்யம்.

வெற்றி கண்ட குழு அடுத்ததாகச் சாய்வின் மேல் பார்வையைத் திருப்பியது. வாடிக்கையாளர் ஒருவர் முன்பு வந்திருந்தபோது மெஷின் தலை முப்பது டிகிரி சாய்ந்திருப்பதைப் பார்த்து, "என்ன, தூங்குதா?" என்று கேட்டுவிட்டாராம். அந்தக் காயம் பொது மேலாளருக்கு ஆறவே இல்லை. நிமிர்ந்து நிற்கும் நிறுவனத்தில் மெஷின் மட்டும் ஏன் தொங்க வேண்டும்? பத்து டிகிரி போதும் என்றார் அவர். தர அதிகாரி பதினைந்து என்றார். நடுவில் பன்னிரண்டரை வந்தது. அரையை வைத்துக்கொண்டு இருப்பது நிறுவனத்துக்கு அழகில்லை என்று அதைக் கழித்து, 'கண்ணியமான சாய்வு பன்னிரண்டு டிகிரி' என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு மேல் சாய்க்க வேண்டுமென்றால் ஏழு கையெழுத்தோடு 'சாய்வு விண்ணப்பம்' தர வேண்டும். அதையும் அவளே எழுதிக்கொண்டாள்.

அப்போது மெஷினில் ஒரு விசிறிச் சக்கரம் ஏறியிருந்தது. ஒரே டைட்டானியக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்தது. பதினேழு பிளேடு, ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு படுத்திருக்கும். மூன்று வாரமாகக் குடைந்து, கடைசி மெருகு வெட்டு மட்டும் பாக்கி. அதை வியாழக்கிழமை வாடிக்கையாளர்கள் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிளேடின் அடிவாரத்துக்குக் கருவி இறங்க இருபத்தெட்டு டிகிரி வேண்டும். பன்னிரண்டில் போனால் முதல் பிளேடிலேயே, நாற்பத்தோராவது நிமிடத்தில், ஹோல்டர் பக்கத்துப் பிளேடில் போய் இடிக்கும். அவளுக்கு நிமிடம் தெரியும், வரி எண்ணும் தெரியும். திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. திரை பச்சைப் பசேலென்று இருந்தது. காகிதத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தாள்.

விண்ணப்பம் கொடுத்தாள். ஆறு கையெழுத்து கிடைத்தது. ஏழாவது இடத்தில் பொது மேலாளர் எழுதியிருந்தார்: "கருவியே எப்போதும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? பிளேடு சாயக் கூடாதா? பரிசீலிக்கவும்."

மேல் மாடி மோதல்களுக்குத்தான் பெயர் மாறியிருந்தது. கீழே பழைய சட்டமே அமலில் இருந்தது. மெஷினில் இடித்தால், பட்டனை அழுத்தியவர் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கத்து மெஷின்காரர் ஒருவர் அப்படிப் போயிருக்கிறார். இந்த மெஷினின் பட்டன் பக்கத்தில் நிற்பவர், அவள் அண்ணன் என்று கூப்பிடும் ஆபரேட்டர். ஒன்பது வருடமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துபவர். கதவில் கையை வைத்து, தாடையைத் தூக்கி, அது வெட்டும் சத்தத்தைக் கேட்பார். "இன்னிக்கு இருமுது" என்பார், "பசிக்குது போல" என்பார். அவள் எழுதித் தந்தது எதையும் அவர் திருப்பிக் கேட்டதில்லை.

புதன்கிழமை மாலை கேட்டார்.

"தங்கச்சி, இது பன்னெண்டுலயே போயிருமா? போன தடவை இதே மாதிரி ஒண்ணுக்கு நல்லாப் படுத்துக்கிட்டே போச்சே."

ஒரே ஒரு வார்த்தை போதும். போகாது. மூன்றெழுத்து. அதைச் சொன்னால் அவர் பட்டனை அழுத்த மாட்டார். ஏன் அழுத்தவில்லை என்று கேட்பார்கள். தங்கச்சி சொன்னாள் என்பார். பிறகு இரண்டாவது மாடி, பதினோரு நாற்காலி, பிஸ்கட் தட்டு, எல்லாம் அவள் பக்கம் திரும்பும். அவள் கோணம் பார்த்தாள்.

"திரையில பச்சையாத்தான் காட்டுது அண்ணே."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பரிசோதகரை வைத்துச் சோதித்தாலும் தேறும்.

"அப்ப சரி," என்று அவர் தாளை வாங்கிக்கொண்டார். "நீங்க சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டு அழுத்துவேன்."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னா மேல கேப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

"அந்த அண்ணனுக்கு வேலை போயிருங்க."

"சொன்னா உனக்குப் போயிரும். ஒரு வேலை போறது போறதுதான். அது ஏன் உன்னோடதா இருக்கணும்?" என்று அவர் காலரைத் திருப்பிப் போட்டார். குழுவில் பன்னிரண்டாவது உறுப்பினராகத் தகுதியுள்ளவர். அவள் அவரிடமும் மோதவில்லை. தைலத்தை எடுத்துக் கழுத்தில் தேய்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வெட்டு ஆரம்பித்தது. கண்ணாடிக்கு வெளியே வாடிக்கையாளர்கள் மூன்று பேர், புதுக் கோட்டில் பொது மேலாளர். "பாருங்க, எவ்வளவு நிமிர்ந்து வேலை செய்யுது!" என்று அவர் சொன்னது மாடிவரை கேட்டது. பத்து இருபதுக்கு அவள் எழுந்தாள். மாடிப்படிவரை போனாள். இருபத்திரண்டு படி, அதற்கப்புறம் நாற்பது அடி. அண்ணே நிறுத்துங்க என்று சொல்ல மூச்சு முழுதாகக்கூட வேண்டாம். கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, கூட்டத்தின் நடுவே அதை எப்படிச் சொன்னால் யாருக்கும் சங்கடம் வராது என்று யோசித்தாள். நல்ல வாக்கியங்கள் சில வந்தன. ஒன்றில் "ஒருவேளை" அதிகமாக இருந்தது, திருத்தினாள். பத்து முப்பத்தொன்பதுக்கு ஏறக்குறைய மனநிறைவு தரும் வாக்கியம் ஒன்று அமைந்தது. இரண்டு படி இறங்கினாள்.

பத்து நாற்பத்தொன்றுக்கு வந்த சத்தத்துக்கு வாக்கியம் தேவைப்படவில்லை. இரும்புப் பீரோ மாடியிலிருந்து விழுந்ததுபோல் ஒன்று, அதன் பின்னால் நீளமாக ஓர் ஊளை. அதை வெட்டி நிறுத்தியது ஆபரேட்டரின் உள்ளங்கை. அபாய பட்டன்மேல் அறைந்திருந்தார். இரண்டு பிளேடு மடங்கிக் கிடந்தது. மூன்று வார டைட்டானியம் பழைய இரும்புக் கடைக்கான பக்குவத்துக்கு வந்துவிட்டது.

விசாரணை மறுநாளே நடந்தது. அவளிடம் மூன்று கேள்விகள்.

"திரையில சிவப்பு தெரிஞ்சதா?"

"இல்ல சார்."

"சாய்வு விதிப்படி இருந்ததா?"

"பன்னிரண்டு சார்."

"வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

சுவர் ஓரமாக, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

"இல்ல சார்," என்றாள்.

குழு தன் முடிவை அறிவித்தது. மாதத்தின் மோதல்கள்: இல்லை. நெருக்கங்கள்: ஒன்று. 'விருந்தினர் முன்னிலையில், முன்னறிவிப்பின்றி அபாய பட்டனை அழுத்திப் பீதி கிளப்பிய குற்றத்துக்காக' ஆபரேட்டர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் அழுத்தியிராவிட்டால் மெஷினின் சுழல்தண்டும் போயிருக்கும் என்பது கூட்டக் குறிப்பில் இடம்பெறவில்லை. குறிப்பு எழுதியவள் அவள்.

அதே கூட்டத்தில் அவளுக்கு 'சுமுகச் சுடர்' கேடயமும் வழங்கப்பட்டது. கைதட்டல் ஓய்ந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். ஆபரேட்டர் தன் இரும்பு அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு துண்டு, ஒரு மூக்குக் கண்ணாடி, காதடைப்பான் ஒரு ஜோடி. அவள் பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொல்வது என்று தேடினாள். முதல் தடவையாக ஒரு கோணமும் கிடைக்கவில்லை.

"என்ன அது, பரிசா? குடுங்க பாப்போம்." அவர் கேடயத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார். "பணிக்காலம் முழுவதும்… எவருடனும்… மோதியதில்லை."

"அண்ணே…"

"உண்மையைத்தானே போட்டிருக்காங்க தங்கச்சி," என்று கேடயத்தைத் துண்டால் ஒருமுறை துடைத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கும் சேர்த்து நான்தான் மோதிட்டேனே."