அக்கரைக்காரரின் பாதம்

நேரில் பார்க்காதவரின் அங்க லட்சணத்தைப் புட்டுப்புட்டு வைக்கும் ஓர் இனம் உண்டு. இடைக்கால நூல்களில் இவர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். தங்கள் ஊர் எல்லையைத் தாண்டாமலே, கடலுக்கு அப்பால் இருப்பவனுக்கு நாய்த்தலை, மார்பில் முகம், வெயிலில் மல்லாந்து படுத்துக் குடையாகப் பிடித்துக்கொள்ள ஒற்றைப் பெரும்பாதம் என்றெல்லாம் எழுதி, படமும் போட்டு, ராஜாவிடம் பரிசும் வாங்கினார்கள். இனம் அழிந்துவிட்டதா? எங்கே அழிந்தது. இப்போது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறது.

நம் செயலாளர் ஆற்றைத் தாண்டியதே இல்லை. ஆனால் காலியாக இருந்த மூன்றாம் மாடி வீட்டை, அக்கரையிலிருந்து வந்த லிஃப்ட் மெக்கானிக் வாடகைக்குக் கேட்டதும் அவருக்குச் சகலமும் தெரிந்துவிட்டது. மெக்கானிக்கின் மனைவிக்கு நிறைமாதம், இருக்கிற அறையை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும் என்பது மட்டும் அந்த ஞானத்தில் ஏறவில்லை. கூட்டத்தைக் கூட்டினார்.

“அவங்க கால் நம்ம கால் மாதிரி கிடையாது. ஒரு முழம் இருக்கும். நடந்தா கீழ்வீட்டு சீலிங் பேந்துடும்.”

“பாத்திருக்கீங்களா?” என்றார் இரண்டாம் மாடி டீச்சர்.

“பாத்தாதான் தெரியணுமா டீச்சர்? தேர்தல் மேடையில அவ்ளோ பெரிய தலைவரே சொன்னாரு.”

குடிவருபவரின் பாதம் மனித அளவைத் தாண்டக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. மனித அளவு என்றால் எவ்வளவு? யாருக்கும் தெரியவில்லை. செயலாளர் பெருந்தன்மையோடு செருப்பைக் கழற்றி, வெள்ளைத்தாளில் தன் காலை வைத்து, சுற்றிக் கோடு போடச் சொன்னார்.

மெக்கானிக்கை உள்ளே அழைத்துத் தாளில் நிற்க வைத்தார்கள். கோட்டுக்குள் இரண்டு விரற்கடை மிச்சம். டீச்சரும் நின்று பார்த்தார், பொருளாளரும் நின்று பார்த்தார். எல்லாருக்கும் மிச்சம். கட்டடத்திலேயே பெரிய பாதம் யாருடையது என்பது தெளிவாயிற்று.

செயலாளர் அசரவில்லை.

“கவனிச்சீங்களா? இத்தனூண்டு காலை வச்சிக்கிட்டு இவ்ளோ பெரிய ஆளு நிக்கிறான்னா, அது மனுஷன் செய்ற காரியமா?”

கதவோரம் நின்ற மெக்கானிக்கின் மனைவி வயிற்றைப் பிடித்தபடி கேட்டாள். “அண்ணா, நானும் நிக்கணுமா? குனிஞ்சா வயிறுதான் தெரியுது. கால் இருக்கான்னு நீங்களே பாத்து எழுதிக்கிடுங்க.”

டீச்சர் முதலில் கையைத் தூக்கினார். பிறகு வரிசையாகப் பதினோரு கைகள். வீடு கிடைத்துவிட்டது. செயலாளர் மட்டும் எதிர்ப்பைப் பதிவு செய்து, கையெழுத்தும் போட்டார்.

சிரித்தீர்கள்தானே? இருக்கட்டும். செயலாளரின் முகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் அவரைப் பார்த்ததும் இல்லை. ஆனாலும் தொந்தி எவ்வளவு, மீசை எப்படி, காதில் மயிர் உண்டா இல்லையா என்று இந்நேரம் முழுப்படமும் வரைந்து முடித்திருப்பீர்களே?