ஜன்னலுக்குக் கறுப்பு

வீடு கட்டும்போது அஸ்திவாரத்தைப் பற்றி எந்தச் சொந்தக்காரரும் வாய் திறப்பதில்லை. என்ன கம்பி போட்டீர்கள், சிமென்ட் கலவை சரியாக இருந்ததா என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கூரை நிற்பதும் விழுவதும் இன்ஜினியர் பாடு. ஆனால் ஜன்னலுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், ஊமையும் பேசுவார். நான் கேட்டேன். அதையும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போய்க் கேட்டேன்.

மைசூரில் நஞ்சன்கூடு ரோட்டை ஒட்டிய புது லேஅவுட் ஒன்றில் எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூடக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவன் என்று அங்கே எனக்குப் பெயர். (வீட்டில் அந்தப் பெயர் இல்லை.)

என் மனைவி சித்ரா மைசூர் வாடகை வீடுகளில் வளர்ந்தவள். கல்யாணமாகி நான் குடிவைத்ததும் வாடகை வீட்டில்தான். ஓனர்களுக்குப் பிடித்த நிறங்களுக்கு நடுவே, சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டு வாழ்ந்தவள். சமையல் மேடை, தரை, கதவு எல்லாவற்றையும் என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரீ, ஜன்னலுக்குக் கறுப்பு அடிக்கலாம். வெள்ளைச் சுவர், கறுப்பு ஜன்னல். வேற ஒண்ணும் பேடா எனக்கு."

(மைசூர்த் தமிழ் இப்படித்தான் இருக்கும். அவள் என்னை 'ஏங்க' என்று கூப்பிட்டதே இல்லை. கன்னடத்து 'ரீ'தான். 'வேண்டாம்' என்பதற்கும் கன்னடத்து 'பேடா'தான்.)

"அவ்வளவுதானே, அடிச்சுட்டாப் போச்சு" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்ததும் சரசு அத்தையின் ஞாபகம் வந்தது. அப்பாவின் அக்கா. மாதேஸ்வரன் மலைப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரான ராமாபுரத்தில் இருந்துகொண்டே எங்கள் குடும்பத்தின் நல்லது கெட்டதைத் தீர்மானிப்பவர். புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்து இறங்கியதும் கறுப்பு ஜன்னலைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். குரூப்பில் கேட்டு, இளவட்டம் நாலு பேரைக் கறுப்புக்குத் தலையாட்ட வைத்துவிட்டால் அத்தையைச் சமாளித்துவிடலாம் என்பது என் திட்டம்.

'ஜன்னலுக்கு என்ன கலர் நல்லா இருக்கும்? கறுப்பு எப்படி?' என்று போட்டேன். முதலில் வந்தது அத்தையின் குரல் பதிவு.

"ஏன் கண்ணு, புது ஊட்டுக்கு யாராச்சும் கறுப்பு அடிப்பாங்களா? ஆரு சொன்னது இந்த யோசனைய? மஞ்சள் அடி. மங்களகரமா இருக்கும்."

சித்ரா சொன்னாள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் எழுதியது, 'சும்மா ஒரு பேச்சுக்குத்தானுங்க அத்தை.' அதன் பிறகு மடை திறந்துவிட்டது. சித்தப்பா ஆகாய நீலம் என்றார். அக்கா வீட்டுக்காரர் கிளிப்பச்சை என்றார், வாஸ்துவுக்கும் அதுதான் என்று கூடவே ஒரு வீடியோ. ஆரஞ்சும் ரோஸும் வந்து சேர்ந்தன. கறுப்பு என்று ஒரு ஆத்மாவும் சொல்லவில்லை.

எங்கள் பெயின்டர் மாதேவனும் ஊர்ப் பக்கத்துக்காரர். குழம்பி நின்ற என்னிடம் அவர் ஒரு வழி சொன்னார். "கலர் அட்டையப் பாத்தாத் தெரியாதுங்ணா. ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒவ்வொண்ணு அடிச்சுப் பாப்போம். எது புடிக்குதோ அதையே எல்லாத்துக்கும் அடிச்சரலாம்."

தொழிற்சாலையில் மாதிரி எடுத்துப் பார்க்கிறோமே, அதே முறை. விஞ்ஞானபூர்வமாகத் தோன்றியது. தெருவைப் பார்த்த ஜன்னல்களில் அத்தையின் மஞ்சள், சித்தப்பாவின் நீலம், கிளிப்பச்சை, ஆரஞ்சு, ரோஸ் எல்லாம் ஏறின. சித்ரா வந்து பார்த்தாள்.

"கறுப்பு எங்கே?"

"அது நம்ம வீட்டு விஷயம்தானே, எப்ப வேணா பாத்துக்கலாம். முதல்ல இவங்களை ஒரு வழி பண்ணிடறேன்."

அவள் ஜன்னல்களை இன்னொரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். (கீறலைக் கண்டுபிடிக்கிறவன்.)

அதற்குள் தீபாவளி வந்துவிட்டது. மாதேவனும் அவர் ஆட்களும் மாதேஸ்வரன் மலைக்கு நடைபயணம் கிளம்பினார்கள். எங்களுக்கும் குலசாமி மாதேஸ்வரன்தான் என்பதால் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. "வந்ததும் ஒரே நாள்ல முடிச்சுத் தர்றனுங்ணா" என்றார். கும்பிடு போட்டு அனுப்பிவைத்தேன். பண்டிகை முடிந்தது, ஆளைக் காணோம். போன் கிடைத்தபோது, "நடந்து காலு வீங்கிப்போச்சுங்ணா, எந்திரிக்க முடியல" என்றார். மைசூரில் வேறு பெயின்டர்களைத் தேடினேன். எல்லோருக்கும் பண்டிகை லீவு. கிரகப்பிரவேச ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

ராமாபுரத்திலிருந்து வேன் வந்து நின்றது. முதலில் இறங்கிய அத்தை வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"என் பேச்சக் கேட்டு மஞ்சள் அடிச்சுட்டானே" என்று அத்தை என் கன்னத்தை வழித்தார். அடுத்து இறங்கிய சித்தப்பா நீல ஜன்னலைக் கண்டுபிடித்து, பின்னால் வந்தவர்களை வழிமறித்துக் காட்டினார். அக்கா வீட்டுக்காரர் கிளிப்பச்சைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஆளுக்கொரு ஜன்னல் கிடைத்த மகிழ்ச்சியில் பால் காய்ச்சுவதைப் பார்க்கக்கூட ஆள் குறைந்துவிட்டது. எல்லோரையும் திருப்திப்படுத்திவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒரு அம்மா, முன்னால் நின்றபடி ஒரு சின்னப் பெண் குழந்தை. வாழைமரம், சாமியானா, தோரணம், கலர் கலரான ஜன்னல்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாசலில் சந்தனத் தட்டோடு நின்ற சித்ராவிடம் கன்னடத்தில் கேட்டார்.

"பிளே ஸ்கூல் இன்னைக்குத்தான் திறக்கிறீங்களா மேடம்? அட்மிஷன் இருக்கா?"

சித்ரா சிரிக்கவில்லை. அவளும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். "அட்மிஷன் முடிஞ்சுது மேடம். எல்லா சீட்டையும் எங்க வீட்டுக்காரர் அவரோட சொந்தக்காரங்களுக்கே குடுத்துட்டார்."

அந்த அம்மாவை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, குழந்தைக்கு ஜாங்கிரி கொடுத்து, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். கன்னடம் தெரிந்த உறவினர்கள் தெரியாதவர்களுக்கு விளக்கிச் சொல்ல, பந்தி முழுவதும் சிரிப்பு ஓடியது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் காலை வேன் போய்விட்டது. சித்ரா தெருவில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"ரீ, இதுல என்னுது எது?"

அத்தை கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். சித்தப்பா கேட்டிருந்தாலும் காட்டியிருப்பேன். அந்த வீட்டில் குடியிருக்கப்போகிறவளுக்குக் காட்ட என்னிடம் ஒரு ஜன்னல்கூட இல்லை. பயங்கர வெட்கமாக இருந்தது. அத்தைக்குப் பயந்ததைவிட, அத்தையிடம் இவள் பெயரைச் சொல்லாமல் மறைத்ததுதான் அதிகம் உறுத்தியது.

மாதேவனின் கால் வீக்கம் வடிந்து வந்ததும் எல்லா ஜன்னலுக்கும் கறுப்பு அடிக்கச் சொன்னேன். குரூப்பில் யாரையும் கேட்கவில்லை. வேலை முடிந்த பிறகு படம் போட்டு, 'சித்ராவுக்குப் பிடித்த கலர்' என்று மட்டும் எழுதினேன். சித்தப்பா சில நாள் பேசவில்லை. அத்தை அடுத்த முறை வந்தபோது சித்ராவையே கூப்பிட்டு, "வீட்டுக்கே திருஷ்டிப் பொட்டு வெச்ச மாதிரி இருக்குது சாமி" என்று சொல்லிவிட்டார். பிறகு தன் ஜன்னலருகே போய் அதைத் தடவிப் பார்த்து, "உள்ள என் மஞ்சள்தான் இருக்குது" என்றார். வருகிற ஒவ்வொரு முறையும் இன்னும் அப்படித்தான் தடவிப் பார்க்கிறார்.

போன மாதம் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கவேண்டியிருந்தது. சோபாவில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தேன். குரூப்பை இன்னும் திறக்கக்கூட இல்லை. சமையலறையிலிருந்து சித்ராவின் குரல் வந்தது.

"அட்மிஷன் முடிஞ்சுது ரீ."

போனைக் கீழே வைத்தேன். "சித்ரா, என்ன கலர் வாங்கலாம்?" என்று கேட்டேன்.